மின்மாற்றியோடு கேபிளை இணைக்கும் முனைய நீட்டிப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் தொழிற்சாலைகளிலும் வணிகக் கட்டடங்களிலும் உள்ள துணைமின்நிலைய அறைகளில் வேலை செய்யும் தமிழ்த் தொழில்நுட்பர்கள், வேலை தொடங்குமுன் நடக்கும் விளக்கக் கூட்டங்களில் என்னிடம் கேட்ட கேள்விகள்தாம் இவை. மின்சாரத்தைத் துண்டித்துத் தந்த சில மணி நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டிய நெருக்கடியில் நான் சொன்ன பதில்கள் பல நேரம் அரைகுறையாக இருந்திருக்கின்றன. அவற்றை முழுமையாக எழுதி வைக்க வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 22 கிலோவோல்ட்டை 400 வோல்ட்டாகக் குறைக்கும் 1000 கிலோவோல்ட்ஆம்பியர் திறன் கொண்ட மின்மாற்றியை வைத்தே தரப்பட்டுள்ளன; இங்குள்ள அறைகளில் நாம் அதிகம் பார்ப்பது அந்த அளவைத்தான்.

முனைய நீட்டிப்பு என்பது என்ன?

மின்மாற்றியின் புஷிங்கிலிருந்து (மின்கடத்தியை மின்மாற்றியின் உடலைத் தொடாமல் வெளியே கொண்டுவரும் காப்புக் குழல்) அல்லது சுருளிலிருந்து வெளியே வரும் முனையத்தோடு போல்ட் போட்டு இணைக்கப்படும் செம்பு அல்லது அலுமினியப் பட்டையே முனைய நீட்டிப்பு. அதன் ஒரு முனை மின்மாற்றியைப் பிடித்துக்கொள்ளும். மறுமுனையில் கேபிள் லக்குகளை, அதாவது கேபிளின் நுனியில் பொருத்தும் துளையுள்ள உலோக முனைகளை, மாட்டுவதற்கான துளைகள் இருக்கும். சில நேராக இருக்கும், சில எல் வடிவில் மடிந்திருக்கும், சில மூன்று ஃபேஸ்களையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகச் செய்வதற்காகப் பக்கவாட்டில் வளைந்திருக்கும். எண்ணெய் மின்மாற்றிகளில் திருகுத்தண்டின் மேல் இறுக்கப்படும் தட்டையான கொடி போன்ற துண்டும் இதே வேலையைத்தான் செய்கிறது.

“அண்ணே, இருக்கிற துளையிலேயே கேபிளை நேராக மாட்டிவிட்டால் என்ன?” என்று இளைஞர் ஒருவர் கேட்டார். அவருக்கு என்ன பதில்?

ஒரே கேபிள் என்றால் மாட்டலாம். சிறிய மின்மாற்றிகளில் அப்படித்தான் மாட்டுகிறோம். ஆனால் 1000 கிலோவோல்ட்ஆம்பியர் மின்மாற்றி முழுச் சுமையில் 400 வோல்ட் பக்கத்தில் ஏறக்குறைய 1443 ஆம்பியரைத் தரும். ஒரு கேபிள் அதைச் சுமக்காது. ஒரு ஃபேஸுக்கு இரண்டு, மூன்று, சில இடங்களில் நான்கு ஒற்றைக்கம்பி கேபிள்கள் (ஒரு கேபிளுக்குள் ஒரே கடத்தி) வேண்டியிருக்கும். மின்மாற்றியோடு வரும் முனையத்திலோ இரண்டு அல்லது நான்கு துளைகள் மட்டுமே, அதுவும் நெருக்கமாக, இருக்கும். அத்தனை லக்குகளையும் அங்கே தட்டையாக உட்கார வைக்க முடியாது.

இரண்டாவது காரணம் எடை. 630 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் உலோகம் மட்டுமே ஒரு மீட்டருக்கு 5.6 கிலோ இருக்கும். மேலுறையைச் சேர்த்தால் 6 கிலோவைத் தாண்டும். ஒரு ஃபேஸுக்கு மூன்று கேபிள்கள் மூன்று மீட்டர் உயரத்திலிருந்து தொங்கினால் 50 கிலோவுக்கு மேற்பட்ட எடை அந்த ஒரு முனையத்தில் இறங்கும். எண்ணெய் மின்மாற்றியில் அந்த இழுவை புஷிங்கின் ரப்பர் வளையத்தை ஒரு பக்கமாக அழுத்தும். சில மாதங்கள் கழித்து புஷிங்கின் அடியில் எண்ணெய் துளிர்க்கத் தொடங்கும். எண்ணெய் இல்லாமல் காற்றால் குளிரும் உலர்வகை மின்மாற்றியில் சுருளிலிருந்து வரும் பட்டையின் வேர்ப்பகுதியை அது வளைக்கும்.

ஆகவே நீட்டிப்பு நமக்கு இடத்தைத் தருகிறது, கேபிளின் எடையை வேறொரு தாங்கிக்கு மாற்றும் வாய்ப்பையும் தருகிறது. அதற்கு ஈடாக அது ஒரு கூடுதல் இணைப்பையும் கொண்டுவருகிறது. முன்பு கேபிளுக்கும் மின்மாற்றிக்கும் இடையே ஒரே ஓர் இணைப்பு இருந்தது, இப்போது இரண்டு. கீழே வரும் கேள்விகளில் பாதி அந்த இரண்டாவது இணைப்பைப் பற்றியவைதாம்.

பட்டையின் அளவை எப்படித் தீர்மானிப்பது?

மின்மாற்றியின் முழுச்சுமை மின்னோட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். இன்று ஓடும் சுமை அதற்கு அளவுகோல் ஆகாது. திறந்த காற்றில் உள்ள செம்புப் பட்டைக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 1.2 முதல் 1.6 ஆம்பியர் என்று கொள்ளும் கைக்கணக்கு நம் தொழிலில் வழக்கம். ஆனால் கேபிள் பெட்டி மூடியது. அறையின் வெப்பமோ சிங்கப்பூரின் வெப்பம். அதனால் மூடிய பெட்டிக்குள் சதுர மில்லிமீட்டருக்கு ஓர் ஆம்பியரைத் தாண்டாமல் வைப்பதே என் பழக்கம். 1443 ஆம்பியருக்கு 80 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட இரண்டு பட்டைகளை இடையே காற்றுப் போக வழிவிட்டு வைத்தால் 1600 சதுர மில்லிமீட்டர் கிடைக்கும். அது நிம்மதியான அளவு. ஒரே 100 க்கு 10 பட்டையை வைத்தும் சிலர் ஓட்டுகிறார்கள். சுமை குறைவாக இருக்கும் வரைதான் அது தாக்குப்பிடிக்கும்.

இது கைக்கணக்குதான் என்பதை மறக்க வேண்டாம். வெப்ப உயர்வுக் கணக்கை மின்மாற்றித் தயாரிப்பாளரிடமிருந்தோ பொறுப்புப் பொறியாளரிடமிருந்தோ எழுத்தில் பெற வேண்டும். துளை போடும் இடத்தில் பட்டையின் குறுக்குவெட்டு குறைகிறது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

நியூட்ரல் நீட்டிப்பை மெலிதாக்கிச் செலவைக் குறைக்கலாம் என்ற யோசனை ஒவ்வொரு முறையும் வருகிறது. கணினி மையங்கள், எல்இடி விளக்குகள், வேகம் மாற்றும் டிரைவ்கள் நிறைந்த கட்டடங்களில் ஒற்றை ஃபேஸ் மின்னணுச் சுமைகளின் மூன்றாம் ஹார்மோனிக் மின்னோட்டங்கள் (மூல அதிர்வெண்ணின் மூன்று மடங்கில் ஓடுபவை) நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதில்லை, கூடிக்கொள்கின்றன. ஃபேஸ் பட்டையின் அளவே நியூட்ரலுக்கும் இருக்கட்டும்.

செம்பா, அலுமினியமா?

அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறக்குறைய 61 விழுக்காடு. அதே மின்னோட்டத்துக்கு அலுமினியப் பட்டை 1.6 மடங்கு பெரிதாக வேண்டும். அப்போதும் எடை குறைவாகவே இருக்கும். இடம் இருந்தால் அலுமினியம் தவறல்ல. பல உலர்வகை மின்மாற்றிகளின் சுருளே அலுமினியத்தால் ஆனது, முனையமும் அலுமினியம்தான். சிக்கல் அலுமினியமும் செம்பும் நேருக்கு நேர் தொடும் இடத்தில்தான் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிகுந்த இந்த ஊரில் அந்த இரண்டு உலோகங்களுக்கு இடையே ஈரம் புகுந்தால் அலுமினியம் அரிக்கப்படும். துவாஸ், ஜூரோங் தீவு போன்ற கடலோர இடங்களில் உப்புக்காற்று அதை இன்னும் விரைவாக்கும். செம்பு நீட்டிப்புக்கு வெள்ளீய முலாம் பூசுவது, அல்லது ஒரு பக்கம் செம்பும் மறுபக்கம் அலுமினியமுமாக ஒட்டவைத்த இருஉலோகத் தகட்டை இடையில் வைப்பது, இவை இரண்டும் நடைமுறையில் உள்ள வழிகள்.

இணைப்பு முகங்களை எப்படித் தயார் செய்வது? பளபளவென்று இருந்தால் போதாதா?

போதாது. இரண்டு பட்டைகள் எவ்வளவு மட்டமாகத் தோன்றினாலும், நுண்ணோக்கியின் அளவில் அவை சில புள்ளிகளில்தான் உண்மையாகத் தொடுகின்றன. மின்னோட்டம் முழுவதும் அந்தப் புள்ளிகள் வழியாகவே பாய்கிறது. அழுத்தம் கூடக்கூட அந்தப் புள்ளிகள் நசுங்கி விரிகின்றன. அழுக்கும் ஆக்சைடும் அவற்றை அடைக்கின்றன. எனவே இணைப்பின் தரத்தைத் தீர்மானிப்பவை தூய்மையும் அழுத்தமும்.

முலாம் பூசாத செம்பை மெல்லிய உராய்வுத் துணியால் ஒரே திசையில் தேய்த்து, பஞ்சு உதிராத துணியில் ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டும். வெள்ளீய முலாம் அல்லது வெள்ளி முலாம் பூசிய முகத்தை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் காசு கொடுத்துப் பூசிய முலாமை நாமே சுரண்டி எடுத்துவிடுகிறோம். துடைத்தால் போதும். அலுமினியத்தில் ஆக்சைடு படலம் காற்றுப் பட்டவுடனே உருவாகிவிடும். எனவே தொடர்புக் கிரீஸை முதலில் தடவி, அந்தக் கிரீஸுக்குள்ளேயே கம்பித் தூரிகையால் தேய்த்து, உடனே இணைக்க வேண்டும். துளையிட்ட பிறகு விளிம்பில் நிற்கும் பிசிறை அரத்தால் எடுத்தாக வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசிறு இரண்டு பட்டைகளையும் பிரித்து நிறுத்திவிடும்.

பிசிறைவிட மெல்லிய ஒன்றும் அதைச் செய்யும். துவாஸில் ஒரு தொழிற்சாலையின் 1500 கிலோவோல்ட்ஆம்பியர் உலர்வகை மின்மாற்றியில், புதிய நீட்டிப்புகள் போட்ட மூன்றாவது வாரம் வெப்பப் படக்கருவியில் ஒரு ஃபேஸ் மட்டும் தனியாக ஒளிர்ந்தது. மின்சாரத்தை நிறுத்தி, போல்ட்டைக் கழற்றிப் பட்டையைத் தூக்கினோம். ஃபேஸை அடையாளம் காட்ட ஒட்டிய ஒட்டுத்தாளின் பாதி இணைப்பு முகத்துக்குள் மாட்டிக்கொண்டு பழுப்பாகக் கருகிக் கிடந்தது. அதைச் சுற்றியிருந்த வெள்ளீயம் மங்கிப்போய், சாம்பல் நிற வளையமாக மாறியிருந்தது. இணைத்தவர் அனுபவமுள்ளவர், போல்ட்டின் முறுக்குவிசையும் சரியாகவே இருந்தது. அன்றிலிருந்து இரண்டு முகங்களையும் மூடுமுன் விளக்கை அடித்து ஒருவரும், விரலால் தடவி இன்னொருவரும் பார்த்த பிறகே போல்ட்டை நுழைக்கிறோம்.

ஓர் இணைப்பு கொஞ்சம் சரியில்லை என்றால் உண்மையில் எவ்வளவு வெப்பம் உண்டாகும்?

மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் விடை கிடைக்கும். நல்ல இணைப்பு ஒன்றின் தடை 10 மைக்ரோ ஓம் என்று கொள்வோம். 1443 ஆம்பியரில் அது ஏறக்குறைய 21 வாட் வெப்பத்தைத் தரும். பட்டை அதைக் காற்றில் கலைத்துவிடும். அதே இணைப்பு 100 மைக்ரோ ஓமுக்குப் போனால் 208 வாட். சாலிடரிங் இரும்புகள் மூன்று நான்கை ஒரே போல்ட்டின் அடியில் வைத்து இரவும் பகலும் எரிய விடுவதற்கு அது சமம். 100 மைக்ரோ ஓம் என்பது ஓம் ஒன்றின் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். நம் கையில் இருக்கும் மல்ட்டிமீட்டர் அதைச் சுழி என்றே காட்டும். டக்டர் என்று நாம் அழைக்கும் நுண்தடைமானி இல்லாமல் இணைப்பைச் சோதித்துவிட்டோம் என்று யாரும் எழுதிக் கொடுக்கக் கூடாது.

வெப்பம் ஏறினால் செம்பு விரியும். எஃகு போல்ட் அதைவிடக் குறைவாக விரியும். செம்பின் விரிவு பாகைக்குப் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 17 பங்கு, எஃகின் விரிவு 12 பங்கு, அலுமினியத்தின் விரிவு 23 பங்கு. பகலில் சுமை ஏறி இரவில் இறங்கும் கட்டடத்தில், போல்ட்டின் அடியில் உலோகம் நசுங்கி, இறங்கும்போது பிடி தளர்கிறது. தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் வெப்பம் கூடும். இந்தச் சுழலை முறிக்கத்தான் பெல்வில் வாஷர் எனப்படும் கூம்பு வடிவ வாஷரைப் போடுகிறோம்; அது ஸ்பிரிங்போல் இருந்து, விரிந்தாலும் சுருங்கினாலும் அழுத்தத்தை விடாமல் பிடிக்கிறது. சாதாரண ஸ்பிரிங் வாஷர் அந்த வேலைக்கு ஈடாகாது.

முறுக்குவிசை எவ்வளவு? எல்லா எம்12 போல்ட்டுக்கும் ஒரே அளவா?

இல்லை. இந்த இடத்தில் நடக்கும் தவறுதான் மின்மாற்றியையே சேதப்படுத்துகிறது. பட்டையோடு பட்டையை இணைக்கும் 8.8 வலிமை வகை எஃகு எம்12 (12 மில்லிமீட்டர் விட்டம்) போல்ட்டுக்கு 70 நியூட்டன் மீட்டரை ஒட்டிய அளவுகளைத் தயாரிப்பாளர்கள் தருவது வழக்கம். ஆனால் எண்ணெய் மின்மாற்றியின் புஷிங் திருகுத்தண்டு பித்தளையாக இருக்கலாம்; அதற்குச் சொல்லப்படும் அளவு அதைவிட மிகக் குறைவு. எஃகுக்கான அளவைப் பித்தளைத் தண்டில் போட்டால் மரை உருவிவிடும், அல்லது தண்டே புஷிங்குக்குள் திரும்பி, உள்ளே சுருளிலிருந்து வரும் இணைப்பை முறுக்கிவிடும். எந்த மின்மாற்றியானாலும் அதன் கையேட்டில் உள்ள அட்டவணைதான் இறுதி.

தண்டு திரும்பாமல் இருக்க இரண்டு ஸ்பேனர்கள் வேண்டும். கீழேயுள்ள நட்டை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மேல் நட்டை, முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் பிடித்துக்கொண்டு எட்டி வேலை செய்வதை நான் அனுமதிப்பதில்லை. இறுக்கி முடித்ததும் நட்டின் மேலிருந்து பட்டை வரை மார்க்கர் பேனாவால் ஒரு நேர்கோடு போடுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கோடு உடைந்திருந்தால், நட்டு நகர்ந்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

லக்கின்மேல் லக்கை அடுக்கலாமா?

வேண்டாம். அடியில் உள்ள லக் வழியாகவே மேலுள்ள லக்கின் மின்னோட்டமும் போக வேண்டியிருக்கும். பட்டையின் இரண்டு பக்கங்களிலும் முதுகோடு முதுகாக ஒவ்வொரு லக்கை வைத்து ஒரே போல்ட்டால் பிடிக்கலாம். இரண்டும் பட்டையை நேரடியாகத் தொடும். அதற்கு மேல் கேபிள் இருந்தால் பட்டையில் அடுத்த துளை வேண்டும். நீட்டிப்பின் நீளத்தைத் தீர்மானிப்பதும் இந்தத் துளைகளின் எண்ணிக்கைதான்.

வளையும் இணைப்பான்கள் எப்போது தேவை?

50 ஹெர்ட்ஸில் இயங்கும் மின்மாற்றியின் உள்ளகம் நொடிக்கு 100 முறை அதிர்கிறது. நம் காதில் விழும் ரீங்காரம் அதுதான். கேபிள்கள் தளர்வாகத் தொங்கினால் அந்த அதிர்வை அவை வாங்கிக்கொள்ளும். ஆனால் நீட்டிப்பு நேராகச் சுவிட்ச்போர்டின் பஸ்பாரோடு (மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் தடித்த பட்டை) இணைந்தால், அல்லது கேபிள்கள் அருகிலேயே இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தால், மெல்லிய செம்புத் தகடுகளை அடுக்கிய அல்லது பின்னிய வளையும் இணைப்பானை இடையில் வைக்க வேண்டும். அது வெப்ப விரிவையும் வாங்கிக்கொள்ளும். கையால் அழுத்தினால் அசைய வேண்டும்; விறைத்து நிற்கும் அளவுக்கு இழுத்துப் பிடித்து மாட்டினால் அது வெறும் பட்டையாகிவிடுகிறது.

கேபிள்களை எங்கே, எப்படித் தாங்க வேண்டும்?

லக்குக்குக் கீழே, வளைவு முடியும் இடத்துக்கு அருகில், சுவரிலோ தனிச் சட்டத்திலோ கிளாம்ப் போட்டுத் தாங்க வேண்டும். மின்மாற்றியின் உடலைத் தாங்கியாகப் பயன்படுத்துவதற்குத் தயாரிப்பாளரின் ஒப்புதல் வேண்டும். கிளாம்ப்பைக் கழற்றாமல் லக்கின் போல்ட்டை மட்டும் எடுத்தால் கேபிள் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். விலகி ஓடினால், அது இத்தனை நாளும் முனையத்தை இழுத்துக்கொண்டிருந்தது என்று பொருள். கேபிளின் வளைவு ஆரம் மேலுறையோடு சேர்ந்த விட்டத்தைப்போல் குறைந்தது ஆறு முதல் எட்டு மடங்கு இருக்க வேண்டும். கவசம் உள்ள கேபிளுக்கு எட்டு.

எடையைத் தாண்டி இன்னொரு விசையும் இருக்கிறது. 5 விழுக்காடு இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை) கொண்ட நம் 1000 கிலோவோல்ட்ஆம்பியர் மின்மாற்றியின் 400 வோல்ட் பக்கத்தில் ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டால், 22 கிலோவோல்ட் வலைப்பின்னலின் இம்பிடன்ஸைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், ஏறக்குறைய 29,000 ஆம்பியர் பாயும். அதன் முதல் உச்சம் 60,000 ஆம்பியரைத் தொடும். ஃபேஸ்களுக்கு இடையே 150 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் நடுப்பட்டையின் ஒரு மீட்டர் நீளத்தின்மேல் ஏறக்குறைய 4,200 நியூட்டன் விசை, அதாவது 430 கிலோ எடைக்கு ஒப்பான தள்ளுதல், ஒரு கணத்தில் வந்து மோதும். நீட்டிப்பு நீளமாக, தாங்கி இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த விசை முழுவதையும் புஷிங்தான் ஏற்க வேண்டும். நீண்ட நீட்டிப்புகளுக்கு இன்சுலேட்டர் தாங்கியும், கேபிள்களுக்கு ஷார்ட் சர்க்யூட் விசையைத் தாங்கும் கிளீட்டுகளும் (கேபிளை இறுகப் பிடிக்கும் கவ்விகள்) இதனால்தான் கேட்கிறோம். பிளாஸ்டிக் டை அதற்கு உதவாது.

உலர்வகை மின்மாற்றியில் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

வார்ப்புப் பிசின் பூசிய சுருளின் வெளிப்பரப்பு, தொடுவதற்குப் பாதுகாப்பானதுபோல் தோன்றும். அப்படியல்ல. பிசின் உள்ளிருக்கும் சுருளைக் காக்கிறது. நம்மைக் காப்பதற்காக அது பூசப்படவில்லை. அந்தப் பரப்பை மின்னேற்றம் உள்ள வெறும் கம்பியாகவே கருத வேண்டும். 400 வோல்ட் நீட்டிப்போ கேபிளோ 22 கிலோவோல்ட் சுருளின்மேல் சாய்ந்து கிடப்பதைச் சில அறைகளில் பார்த்திருக்கிறேன். மின்னலால் வரும் கணநேர மின்னழுத்தத்தை 125 கிலோவோல்ட் வரை தாங்கும் தரம் கொண்ட அமைப்புக்குக் காற்றில் 220 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். சுருளுக்கும் நம் கேபிளுக்கும் இடையே விட வேண்டியதைத் தயாரிப்பாளரின் வரைபடம் சொல்லும். கேபிளின் மேலுறை இருக்கிறதே என்று அந்த இடைவெளியைக் குறைக்கக் கூடாது. காற்றோட்டத்தையும் பாருங்கள்: சுருளுக்கு அடியிலிருந்து மேலே எழும் காற்றின் பாதையை நீட்டிப்பும் கேபிள்களும் அடைத்துவிட்டால் மின்மாற்றியின் வெப்பம் ஏறும்.

கேபிள்கள் நுழையும் தகடு எதனால் ஆனதாக இருக்க வேண்டும்?

ஒற்றைக்கம்பி கேபிள்கள் நுழையும் தகடு அலுமினியம் அல்லது பித்தளை போன்ற காந்தமல்லாத உலோகமாக இருக்க வேண்டும். எஃகுத் தகட்டில் ஒவ்வொரு கேபிளுக்கும் தனித்தனித் துளை போட்டால், ஒவ்வொன்றையும் சுற்றி எஃகு ஒரு வளையமாகி, சுழல் மின்னோட்டத்தால் தகடே சூடேறும். கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறிய தகடுகளைப் பார்த்திருக்கிறேன். கேபிளில் குறை தேடி நேரம் வீணானது.

22 கிலோவோல்ட் பக்கத்திலும் நீட்டிப்புப் போடலாமா?

அங்கே மின்னோட்டம் குறைவு: 1000 கிலோவோல்ட்ஆம்பியருக்கு 26 ஆம்பியர்தான். எனவே இடப்பற்றாக்குறைக்காகச் செய்யப்படும் நீட்டிப்புக்கு அங்கே பெரும்பாலும் தேவை எழுவதில்லை. வெறும் பட்டையை நீட்டினால் மேலே சொன்ன 220 மில்லிமீட்டர் இடைவெளியைத்தான் நாம் தின்கிறோம். கூர்மையான விளிம்புகளில் பகுதி மின்னிறக்கமும் (காப்பை மெல்ல அரிக்கும் சிறு மின்பொறிகள்) தொடங்கும். புதிய மின்மாற்றி வாங்கும்போதே பிளக்-இன் புஷிங்கும் முழங்கைபோல் வளைந்த, மூடிய எல்போ இணைப்பானும் கேட்டு வாங்குவது நல்லது. 630 ஆம்பியர் சி வகைப் புஷிங்கும் அதற்குரிய எம்16 போல்ட் வகை எல்போவும் எளிதில் கிடைக்கின்றன. பல்லியும் எலியும் புகுந்து விபத்து உண்டாக்க அங்கே வெறும் உலோகமே இருக்காது.

பழைய மின்மாற்றியை மாற்றும்போது கம்பி நிறங்களில் குழப்பம் வருகிறதே?

வரும், அது ஆபத்தானதும்கூட. சிங்கப்பூரில் 2009 ஆம் ஆண்டில் நிறங்கள் மாறின. அதற்கு முன் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவை ஃபேஸ்கள், கறுப்பு நியூட்ரல். இப்போது பழுப்பு, கறுப்பு, சாம்பல் ஆகியவை ஃபேஸ்கள், நீலம் நியூட்ரல். அதாவது முன்பு நியூட்ரலாக இருந்த கறுப்பு இன்று ஃபேஸ். முன்பு ஃபேஸாக இருந்த நீலம் இன்று நியூட்ரல். 1990களில் இழுத்த கேபிளைப் புதிய மின்மாற்றியின் நீட்டிப்பில் மாட்டும்போது நிறத்தை நம்பவே கூடாது. இரு முனைகளிலும் தொடர்ச்சி சோதித்து, ஃபேஸ் வரிசையை உறுதிசெய்து, புதிய நிற உறையை மாட்டிய பிறகே லக்கைப் பட்டையில் வைக்க வேண்டும்.

இந்த வேலையை யார் செய்யலாம்? தொடங்குமுன் என்ன உறுதி வேண்டும்?

எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரின் பொறுப்பில்தான் செய்யலாம். எலெக்ட்ரீஷியன் உரிமம் 45 கிலோவோல்ட்ஆம்பியர் வரைக்கும், டெக்னிஷியன் உரிமம் 150 கிலோவோல்ட்ஆம்பியர் வரைக்குமான மின்னமைப்புப் பணிகளுக்கு. அதற்கு மேல் பொறியாளர் தர உரிமமும், 22 கிலோவோல்ட்டுக்கு அந்த அழுத்தத்துக்கான தகுதியும் வேண்டும். மின்னமைப்பு வேலைகளுக்கான நடைமுறைத் தொகுப்பு, பழைய சிபி 5 க்குப் பதிலாக 2018 இல் வந்த சிங்கப்பூர்த் தரநிலை 638.

வேலை அனுமதிச் சீட்டில் கையெழுத்து இருந்தாலும், நீங்கள் தொடப்போகும் பட்டை செத்துக் கிடக்கிறது என்பதை உங்கள் கண்முன்னே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. கேட்பதில் கூச்சம் வேண்டாம். 22 கிலோவோல்ட் பக்கத்துச் சுவிட்சைத் துண்டித்துப் பூட்டுப் போட்டால் மட்டும் போதாது. கூரையில் சூரியத் தகடுகள் இருக்கலாம், ஜெனரேட்டர் இருக்கலாம், பக்கத்து மின்மாற்றியோடு இணைக்கும் பஸ் கப்ளர் இருக்கலாம். 400 வோல்ட் பக்கத்திலிருந்து திரும்பி வரும் மின்சாரத்தை மின்மாற்றி 22 கிலோவோல்ட்டாக உயர்த்தி மறுபக்கத்தில் நிறுத்திவிடும். இரண்டு பக்கமும் துண்டித்து, பூட்டி, சோதித்து, எர்த் செய்த பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

மின்சாரம் கொடுத்த பிறகு எப்போது, எப்படிச் சோதிப்பது?

கொடுக்குமுன்பே ஒவ்வோர் இணைப்பின் தடையையும் நுண்தடைமானியால் அளந்து எழுதி வையுங்கள். மூன்று ஃபேஸ்களின் எண்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். பிறகு, சுமை முழு அளவில் குறைந்தது 40 விழுக்காட்டை எட்டும் நாளில் வெப்பப் படம் எடுங்கள். விடுமுறை நாளில், சுமையே இல்லாத நேரத்தில் எடுத்த அழகான நீலப் படத்தால் பயனில்லை.

வெப்பப் படத்தில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. பளபளக்கும் செம்பும் வெள்ளீயமும் தம் வெப்பத்தை மிகக் குறைவாகவே கதிராக வெளிவிடுகின்றன. 100 பாகையில் இருக்கும் பளபளப்பான பட்டை, கருவியில் 40 பாகைபோல் தெரியலாம். எனவே நிறுவும்போதே, இணைப்பு முகத்துக்குள் போகாதவாறு, ஒவ்வோர் இணைப்புக்கும் அருகில் பட்டையின் வெளிப்புறத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி வையுங்கள்; பின்னர் அந்த டேப்பின்மீது அளவெடுங்கள். சாதாரணக் கண்ணாடி அல்லது அக்ரிலிக் மூடி வழியாக வெப்பப் படம் எடுக்கவே முடியாது; அகச்சிவப்புச் சாளரம் வேண்டும். ஒரே சுமையில் ஒரு ஃபேஸ் மற்ற இரண்டைவிட 15 பாகை கூடுதலாக இருந்தால் காத்திருக்காமல் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

நிறம் மாறிய பழைய நீட்டிப்பைத் தேய்த்து மீண்டும் போடலாமா?

பட்டை முழுவதும் ஒரே சீராக மங்கியிருந்தால் அது வயது. சுத்தம் செய்து, தடையை அளந்து, மீண்டும் போடலாம். ஒரு போல்ட்டைச் சுற்றி மட்டும் ஊதாவும் கருமையுமாக வளையம் இருந்தால் செம்பு அங்கே இளகியிருக்கிறது. அதே முறுக்குவிசையை அது இனி தாங்கிப் பிடிக்காது. குழி விழுந்த முகத்தை அரத்தால் மட்டமாக்க முயல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். மட்டம் வரும், தடிமன் போய்விடும். அந்தப் பட்டையை மாற்றுங்கள். அதோடு பொருந்தியிருந்த லக்கையும், போல்ட்டையும், வாஷரையும் சேர்த்தே மாற்றுங்கள். அந்த வெப்பம் பட்டையோடு நின்றிருக்காது, லக்குக்குள் கிரிம்ப் செய்த (நசுக்கி இறுக்கிய) இடம் வரை போயிருக்கும். லக்கை வெட்டி எடுக்கும்போது கேபிளின் உறையைச் சிறிது உரித்துப் பாருங்கள். உள்ளே கம்பிகள் பளிச்சென்று இருக்கும் இடம் வரும்வரை வெட்டிய பிறகே புதிய லக்கைப் போட வேண்டும். அப்படி வெட்டிக் கேபிள் குட்டையாகிவிட்டால், அதை இழுத்துப் பொருத்தாமல், புதிய நீட்டிப்பை அந்த அளவுக்குக் கீழே இறக்கிச் செய்யச் சொல்லுங்கள்.